வெப்பமான ஊரில் பாம்புக்கு வேண்டியது ஒரு குளிர்ந்த மூலை

பாம்பு தன் உடம்புக்குள் சூடு உண்டாக்கிக்கொள்வதில்லை. வேண்டிய சூட்டைச் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். போதும் என்றால் நிழலுக்கு நகர்ந்துவிடும். மனித உடம்பு சாப்பாட்டை எரித்து 37 டிகிரியை விடாமல் பிடித்து வைக்கிறது (இந்தப் பதிவில் வரும் டிகிரி எல்லாம் செல்சியஸ்). பாம்பு அதே வேலையை இடம் மாறி மாறிச் செய்கிறது.

அதனால் பாம்பு வளர்ப்பில் "எத்தனை டிகிரி வைக்கணும்?" என்பது பாதிக் கேள்விதான்.

"எந்தச் சூட்டிலிருந்து எந்தக் குளிர்ச்சி வரை அது தானாக நகர்ந்து போக இடம் இருக்கு?" என்று கேட்டால்தான் கேள்வி முழுமையாகும்.

இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள நீலகிரியைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் இல்லை. கட்டபெட்டு, ஊட்டி சாலையும் குன்னூர் சாலையும் பிரிகிற, கோத்தகிரிக்குப் பக்கத்துச் சந்திப்பு. கடல்மட்டத்திலிருந்து 1,800 மீட்டரைத் தாண்டிய உயரம். சுற்றிலும் தேயிலை, நடுநடுவே கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ். அங்கிருந்து கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம் இறங்கினால் உயரம் 1,500 மீட்டர் குறைந்துவிடும். ஆயிரம் மீட்டர் இறங்கினால் காற்றின் வெப்பம் சராசரியாக ஆறு, ஏழு டிகிரி கூடும் என்பது பொதுக் கணக்கு. அப்படியென்றால் ஒரே நாளில், ஒரே பேருந்துப் பயணத்தில், கிட்டத்தட்ட 10 டிகிரி வித்தியாசம்.

மனிதர்களுக்கு அது ஸ்வெட்டரைக் கழற்றுகிற சமாச்சாரம். பெட்டிக்குள் அடைபட்ட பாம்புக்கு உயிர் போகிற சமாச்சாரம்.

பாம்பின் உடம்பில் நடக்கிற எல்லா வேலைக்கும் சூட்டோடு சம்பந்தம் உண்டு. இரை செரிப்பது, ஓடுவது, நோயை எதிர்ப்பது, தோலுரிப்பது, குட்டிகளோ முட்டைகளோ வளர்வது, எல்லாம் உடம்பின் வெப்பத்தைப் பொறுத்து வேகமாகவோ மெதுவாகவோ நடக்கும். பெரும்பாலான சமவெளிப் பாம்புகள் வாய்ப்புக் கிடைத்தால் உடம்பை 30 டிகிரியை ஒட்டி வைத்துக்கொள்ளப் பார்க்கும்.

1944-ல் ரேமண்ட் கௌல்ஸ், சார்லஸ் போகெர்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பாலைவன ஊர்வன பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதுவரை பலரும் பல்லி, பாம்பெல்லாம் வெயிலுக்கும் குளிருக்கும் அப்படியே ஆட்பட்டுக் கிடப்பவை என்று நினைத்தார்கள். அவை இடம் மாறியும் உடம்பைத் திருப்பியும் வளைக்குள் போயும் வெப்பத்தைத் துல்லியமாகக் கட்டுப்படுத்துகின்றன என்று இவர்கள் காட்டினார்கள். கூடவே இன்னொன்றும் தெரிந்தது. பாலைவனத்திலேயே பிறந்து வளர்ந்த பாம்பைக்கூட நிழலில்லாத வெயிலில் நகரவிடாமல் கட்டி வைத்தால், கொஞ்ச நேரத்தில் செத்துவிடும்.

வெயில் நாட்டுப் பாம்பு வெயிலைத் தாங்கும் என்பது தவறான நம்பிக்கை. வெயில் நாட்டுப் பாம்புக்கு வெயிலிலிருந்து ஒளிந்துகொள்ளத் தெரியும். அதன் திறமை அதுதான். ஒளிய இடமில்லாத கண்ணாடித் தொட்டியில் அந்தத் திறமைக்கு வேலையே இல்லை.

இங்கே ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். பாம்புக்குப் பிடித்த வெப்பம் 30 என்று வைத்துக்கொண்டால், உயிருக்கு ஆபத்தான மேல் எல்லை 40-ஐ ஒட்டி இருக்கிறது. இடைவெளி பத்தே டிகிரி. கீழ்ப்பக்கம் அப்படியில்லை. 20 டிகிரியில் மந்தமாகும், 15-ல் சுருண்டு கிடக்கும், அப்போதும் உயிர் இருக்கும். மேலே போகப் போகத் தப்பிக்க நேரமில்லை, கீழே இறங்கினால் கொஞ்சம் அவகாசம் உண்டு.

(குளிர் கொல்லாது என்று இதற்குப் பொருள் இல்லை. 2010 ஜனவரியில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் கடுங்குளிர் வந்தபோது, எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகிக் கிடந்த பர்மிய மலைப்பாம்புகள் ஏராளமாகச் செத்தன. ரேடியோ கருவி பொருத்திக் கண்காணித்து வந்த 10 பாம்புகளில் 9 செத்துப்போயின.)

நீலகிரியின் உச்சிகளில் வாழும் பாம்புகள் இந்தக் கணக்கையே இன்னும் கீழே இறக்கி வைத்துக்கொண்டவை. அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் வெப்பம் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

தேயிலைத் தோட்டத்தில் குழி எடுக்கும்போதும் காய்கறிப் பாத்தி கொத்தும்போதும் சில சமயம் மண்ணிலிருந்து ஒரு சின்னப் பாம்பு வெளிவரும். பழுப்பு நிறம், வழவழப்பு, ஒன்றரை அடிக்குள் நீளம், தலை எது வால் எது என்று சட்டென்று தெரியாது. பிளெக்ட்ரூரஸ் பெரோட்டெட்டி என்பது அதன் அறிவியல் பெயர். நீலகிரியில் தாவரங்கள் சேகரித்த பெரோட்டெ என்ற தாவரவியலாளரின் பெயரால் 1854-ல் விவரிக்கப்பட்டது. மண்புழுதான் இரை. விஷம் இல்லை. கேடயவால் பாம்புகள் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் ஐம்பதுக்கும் மேல் இனங்கள் உண்டு. அத்தனையும் தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்பவை, உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

இந்தப் பாம்புகளின் முன்னுடம்புத் தசைகளைக் கார்ல் கான்ஸும் அவரது சகாக்களும் ஆராய்ந்து 1978-ல் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். முன்பக்கத் தசைகள் களைக்காமல் நெடுநேரம் உழைக்கும் சிவப்புத் தசைகள். அவைதான் மண்ணைத் துளைக்கும், பின்னுடம்பு இழுபட்டு வரும். இந்த உழைப்பெல்லாம் குளிர்ந்த, ஈரமான மண்ணுக்குள் நடக்கிறது. வெளியே உறைபனி விழுந்தாலும் ஓரடி ஆழத்தில் மண் உறைவதில்லை. வெளியே வெயில் ஏறினாலும் அந்த ஆழம் அவ்வளவாகச் சூடாவதில்லை. மண்தான் அதற்கு ஏசியும் ஹீட்டரும்.

புல்வெளிகளில் வேறு இரண்டு பாம்புகள். ஒன்று அஹேடுல்லா பெரோட்டெட்டி, மலை உச்சிப் புல்வெளிகளில் வாழும் பச்சைப்பாம்பு. சமவெளிப் பச்சைப்பாம்பு மரக்கிளையில் தொங்கும், இது புல்லுக்குள் தரையோடு தரையாக ஊரும். இன்னொன்று, கழுத்தின் மேல் குதிரை லாடம் போன்ற அடையாளம் உள்ள குழிவிரியன். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது.

இந்த மூன்றுக்கும் ஒரு பொதுக்குணம்: முட்டையிடுவதில்லை, குட்டி போடும்.

குளிரான இடத்தில் முட்டையை மண்ணில் இட்டுவிட்டுப் போனால் கரு வளரப் போதிய சூடு கிடைக்காது. குட்டிகளை வயிற்றிலேயே சுமந்தால் தாய் வெயில் தேடிப் போகும்போது குட்டிகளுக்கும் சூடு கிடைக்கும். மேகம் விலகுகிற அரைமணி நேரத்தைக்கூடத் தாய் பயன்படுத்திக்கொள்ளும். குளிர்ப் பிரதேசங்களில் குட்டி போடும் பாம்புகளும் பல்லிகளும் அதிகம் இருப்பதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் முக்கியமான விளக்கம் இதுதான்.

(முட்டையிடும் மலைப்பாம்பு வேறு வழி வைத்திருக்கிறது. தாய் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, தசைகளை விட்டு விட்டு நடுக்கிச் சூடு உண்டாக்கும். நியூயார்க் விலங்குக்காட்சிசாலையில் அடைகாத்த ஒரு மலைப்பாம்பை அளந்து 1966-ல் இதை உறுதிப்படுத்தினார்கள். சொந்தமாகச் சூடு உண்டாக்குவதில் பாம்புகளிடையே இது அபூர்வமான விதிவிலக்கு.)

இப்படிக் குளிருக்கென்றே அமைந்த ஒரு கேடயவால் பாம்பை, அழகாக இருக்கிறதே என்று பாட்டிலில் போட்டு மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ கொண்டு போனால் என்ன ஆகும்? சமவெளிப் பாம்புக்கு இதமான 30 டிகிரியே அதற்குத் தாங்காத சூடு. பாட்டிலுக்குள் மண்ணின் ஈரமும் கிடையாது, ஆழமும் கிடையாது. ஊர் போய்ச் சேருவதற்குள் செத்துவிடக்கூடும்.

அப்படிப் பிடித்துக்கொண்டு போவது சட்டப்படியும் குற்றம். 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தியக் காட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க அனுமதி கிடையாது. சாரையோ, மண்ணுளியோ, தண்ணீர்ப் பாம்போ, விஷமில்லாததாகவே இருந்தாலும் கிடையாது. நல்ல பாம்பு, மலைப்பாம்பு போன்றவை முதல் அட்டவணையில் இருக்கின்றன. 2022-ல் திருத்திய சட்டப்படி அந்த அட்டவணை உயிரினங்களைப் பிடித்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

வெளிநாட்டுப் பாம்புகளின் நிலை வேறு. இந்தியாவில் செல்லப்பிராணியாக வளர்ப்பவர்கள் வைத்திருப்பது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் பால் பைத்தான், பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சின்ன மலைப்பாம்பு. இன்னொன்று அமெரிக்காவின் கார்ன் ஸ்நேக். பால் பைத்தான் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலான சைட்டிஸில் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தமும் 2024-ன் பதிவு விதிகளும் அந்தப் பட்டியலில் உள்ள உயிரினத்தை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. குட்டி பிறந்தாலும், கை மாறினாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். கார்ன் ஸ்நேக் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் கடத்தி வந்தது என்றால் சுங்கச் சட்டம் பாயும்.

கடத்தல் என்பது எங்கோ நடக்கிற கதை இல்லை. 2023 ஏப்ரல் 28 அன்று கோலாலம்பூரிலிருந்து சென்னை வந்த ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்தன. அதே ஆண்டு ஜூலை 30 அன்று திருச்சி விமான நிலையத்தில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் பிடிபட்டன. காற்றோட்டமில்லாத டப்பாக்கள், விமானத்தின் சரக்கு அறை, பிறகு தார்ச்சாலை வெயில். நகர்ந்து போக இடமே இல்லாத உயிருக்கு இதைவிடக் கொடிய பயணம் கிடையாது. எங்கிருந்து வந்தது என்று ரசீது காட்ட முடியாதவரிடம் பாம்பு வாங்குகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, அந்தப் பயணத்துக்குத்தான் பணம் கொடுக்கிறார்.

வெயில் ஊரில் பாம்பைப் பத்திரமாக வைக்கும் அறிவு தமிழ்நாட்டுக்குப் புதிது இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-ல் தொடங்கியது. சென்னையில் பாம்புப் பண்ணையையும் பிறகு முதலைப் பண்ணையையும் உருவாக்கிய ரோமுலஸ் விட்டேகர் இருளர்களோடு சேர்ந்து அமைத்த சங்கம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்கு வகையை வனத்துறை அனுமதியோடு பிடித்து, சில வாரம் வைத்து விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். விஷமுறிவு மருந்து தயாரிக்க அந்த விஷம் போகிறது. அங்கே பாம்புகளை வைப்பது மண்பானையில். அடியில் மணல், வாயில் பருத்தித் துணி, மேலே கூரையின் நிழல்.

சென்னைக் கோடை என்ன என்று தெரிந்தவர்களுக்கு இந்தப் பானையின் மதிப்பு புரியும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட ஊருக்குப் பக்கத்தில் கண்ணாடியோ தகரமோ பாம்புக்கு ஆகாது. தடித்த மண்சுவர் மெதுவாகச் சூடாகும். மணல் பாம்பின் அடிவயிற்றுக்குக் குளிர்ச்சி. துணி வழியாகக் காற்று போய்வரும். இருட்டு இருப்பதால் பாம்புக்குப் பயமும் குறையும். வீட்டில் பாம்பு வளர்ப்பவர் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் முழுக்க அந்தப் பானைக்குள் இருக்கிறது.

இனி வீட்டுக் கூண்டு.

பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. கார்ன் ஸ்நேக்குக்குச் சூடான பக்கம் 28 முதல் 30, குளிர்ந்த பக்கம் 22 முதல் 25. இரண்டு பக்கத்திலும் உள்ளே நுழைந்து சுருண்டுகொள்ள மறைவிடம் இருக்க வேண்டும். மறைவிடம் ஒரு பக்கம் மட்டும் இருந்தால், சூடு தாங்காவிட்டாலும் பயத்தில் பாம்பு அங்கேயே கிடக்கும். பாதுகாப்பா, வெப்பமா என்று தேர்ந்தெடுக்கிற நிலைக்கு அதைத் தள்ளக் கூடாது.

வெளிநாட்டுப் புத்தகங்களும் வீடியோக்களும் சூடான பக்கத்தை எப்படி உண்டாக்குவது என்றே பேசும். அங்கே அறையின் வெப்பம் 20, 21 டிகிரி. சென்னை, மதுரை, திருச்சி, வேலூரில் மார்ச் முதல் ஜூன் வரை அறையே 33, 35. சூடான பக்கம் இலவசமாகக் கிடைக்கிறது. குளிர்ந்த பக்கத்துக்குத்தான் உழைக்க வேண்டும். அந்த மாதங்களில் ஹீட் மேட்டை (கூண்டின் அடியில் வைக்கும் சூடேற்றும் விரிப்பு) கழற்றி வைத்துவிடலாம்.

முதலில் அறை. மொட்டைமாடிக்கு நேர்கீழ் அறையும் மேற்குச் சுவர் அறையும் கூடாது. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட், இரவு பத்து மணிக்கும் சூட்டை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். தரைத்தளத்தில் வடக்குப் பக்க அறை நல்லது. கூண்டை அலமாரி உச்சியில் வைக்காமல் தரைக்குப் பக்கத்தில் வைத்தால் அதுவே ஓரிரு டிகிரி குறைக்கும். சூடான காற்று மேலே தங்கும்.

கூண்டு எங்கே இருந்தாலும் நேர் வெயில் மட்டும் படவே கூடாது. ஜன்னல் வழியாக வரும் காலை வெயில்கூட வேண்டாம். கண்ணாடி வெயிலை உள்ளே விடும், உள்ளே சூடான காற்று வெளியேற வழியில்லை. கொஞ்ச நேரத்தில் தொட்டிக்குள் 40 தாண்டிவிடும்.

அடுத்தது ஃபேன். பாம்புக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. மனிதருக்கு ஃபேன் காற்று குளுகுளுவென்று இருப்பதற்குக் காரணம் வியர்வை ஆவியாவது. உலர்ந்த செதில் தோலின் மேல் 36 டிகிரிக் காற்று அடித்தால் அது 36 டிகிரிக் காற்றுதான். அறையில் தேங்கிய சூட்டை ஜன்னல் வழியாக வெளியேற்ற ஃபேன் உதவும். பாம்பை நேரடியாகக் குளிரவைக்காது.

தண்ணீர் ஆவியாகும்போது குளிர்ச்சி வரும் என்பதால் ஏர் கூலர், ஈரச்சாக்கு, மண்பானை எல்லாம் வேலை செய்யும், ஆனால் ஊரைப் பொறுத்து. கோவை, சேலம், வேலூர் போன்ற உலர்ந்த காற்றுள்ள ஊர்களில் நல்ல பலன். சென்னை, நாகை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் தண்ணீர் மெதுவாகத்தான் ஆவியாகும், குளிர்ச்சியும் குறைவு. மேலும் கூலர் அறையின் ஈரப்பதத்தை ஏற்றிவிடும். பால் பைத்தான் அதைத் தாங்கும், கார்ன் ஸ்நேக்குக்கு நாள்கணக்கில் ஈரம் ஆகாது. வயிற்றுச் செதிலில் புண் வரும்.

எளிதாகச் செய்யக்கூடியது: குளிர்ந்த பக்கத்தில், மண்சட்டி ஒன்றைக் கவிழ்த்து, ஓரத்தில் வாசல் உடைத்து, வெளிப்புறத்தில் மட்டும் அவ்வப்போது தண்ணீர் தடவுவது. சூளையில் சுட்ட சட்டியாக இருக்க வேண்டும் (சுடாத மண் கரைந்துவிடும்), மெருகு பூசாததாக இருக்க வேண்டும். உடைத்த விளிம்பை உரசி மழுக்கிவிட வேண்டும். தரையில் ஒரு பளிங்குத் துண்டோ டைல்ஸோ போட்டால் பாம்பு அதன்மேல் வயிற்றைப் பரப்பிக்கொள்ளும். உடம்பு முழுக்க மூழ்குகிற அளவுக்குத் தண்ணீர்த் தொட்டி அவசியம். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும்.

கடுங்கோடைக்கு ஏசிதான் நம்பகமான வழி. 26, 27 டிகிரியில் வைத்து, குளிர்க்காற்று கூண்டின்மேல் நேராக விழாமல் திருப்பிவிட வேண்டும். அப்போது சூடான பக்கத்துக்கு ஹீட் மேட் திரும்பத் தேவைப்படும், சூட்டை எல்லைக்குள் நிறுத்தும் தெர்மோஸ்டாட்டோடு. தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட்டை எந்த ஊரிலும் பயன்படுத்தக் கூடாது. பாம்பு அடிவயிற்றுச் சூட்டைச் சரியாக உணர்ந்து விலகும் என்று நம்ப முடியாது, அதே இடத்தில் கிடந்து தோல் வெந்துபோன பாம்புகள் உண்டு.

கோடையில் மின்வெட்டு வரும். உறைய வைத்த தண்ணீர் பாட்டில்களை ஃப்ரீசரில் தயாராக வைத்திருந்தால், துணியில் சுற்றிக் கூண்டின் வெளிப்பக்கச் சுவரோடு சாய்த்தோ வலைமூடிமேல் ஒரு மூலையிலோ வைக்கலாம். கூண்டுக்குள் வைக்கக் கூடாது, ஐஸ் கட்டி போடவும் கூடாது. ஒரு மூலை குளிர்ந்தால் போதும். மற்றதைப் பாம்பு பார்த்துக்கொள்ளும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அளக்க வேண்டும். கையை வைத்துப் பார்த்துச் சொல்லும் கணக்கு பாம்புக்கு உதவாது. சூடான பக்கத்தில் ஒன்று, குளிர்ந்த பக்கத்தில் ஒன்று என இரண்டு டிஜிட்டல் வெப்பமானிகள், தரை மட்டத்தில். கண்ணாடிமேல் ஒட்டுகிற பட்டை வெப்பமானி கண்ணாடியின் வெப்பத்தைக் காட்டும், பாம்பு படுத்திருக்கும் இடத்தின் வெப்பத்தைக் காட்டாது. பிற்பகல் இரண்டு மணிக்கும் விடியற்காலையிலும் பார்த்து எழுதி வைத்தால், ஒரே வாரத்தில் அந்த அறையின் குணம் தெரிந்துவிடும்.

கட்டபெட்டில் வளர்ப்பவருக்குப் பிரச்சினை தலைகீழ்.

டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் 10 டிகிரியை ஒட்டி இறங்கும். ஊட்டிப் பள்ளத்தாக்குகளில் உறைபனியே விழும். ஆப்பிரிக்கப் பாம்பு ஒன்றுக்கு இரவில் 23, 24 டிகிரிக்குக் கீழே போகாமல் வைக்க வேண்டியிருக்கும்போது, கண்ணாடித் தொட்டி அங்கே சூட்டைப் பிடித்து வைக்காது. பலகைக் கூண்டு, மூன்று பக்கம் தெர்மாகோல், மேலே காற்றுத் துளைகள், தெர்மோஸ்டாட்டோடு கூடிய சூடேற்றி. மழைக்காலத்தில் மரம் சாய்ந்து மின்சாரம் போனால் மணிக்கணக்கில் வராது என்பதால் இன்வெர்ட்டர் தேவை. வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிய பாட்டில் தற்காலிகத்துக்கு உதவும். குளிருக்காகக் கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைப்பது பாம்புக்கும் மனிதருக்கும் உயிராபத்து. கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாமல் கொல்லும்.

மலையில் ஏமாற்றுகிற இன்னொன்று வெயில். காற்று 18 டிகிரிதானே என்று தொட்டியை வெயிலில் வைத்தால், மலை வெயில் உறைப்பானது, தொட்டிக்குள் கொஞ்ச நேரத்தில் சமவெளிச் சூடு வந்துவிடும். குளிர்ந்த ஊரிலும் வெந்து சாகும் பாம்புகள் இப்படித்தான் சாகின்றன.

குளிரில் இரை கொடுப்பது தனி ஆபத்து. செரிக்கத் தேவையான சூடு இல்லையென்றால் விழுங்கிய எலி வயிற்றிலேயே அழுகும், பாம்பு கக்கிவிடும். கக்குவது அதன் உடம்பை மோசமாகப் பலவீனமாக்கும். சூடான பக்கம் சரியாக இல்லாத நாளில் இரை கொடுக்காமல் இருப்பது நல்லது. வளர்ந்த பாம்புக்கு ஓரிரு வாரப் பட்டினி ஒரு பொருட்டே இல்லை. குளிரோடு ஈரமும் சேர்ந்தால் சளி பிடிக்கும். மூச்சு விடும்போது சத்தம், மூக்கில் குமிழி, வாயைத் திறந்தபடி தலையைத் தூக்கி வைப்பது, இவை நுரையீரல் தொற்றின் அறிகுறிகள். மருந்து கொடுக்காமல் சரியாகாது.

சூடு மிஞ்சியதற்கும் அறிகுறிகள் உண்டு. முதலில் பாம்பு நிலைகொள்ளாமல் அலையும், மூக்கைக் கண்ணாடியில் இடித்து இடித்து வெளியேறப் பார்க்கும். நாள் முழுக்கத் தண்ணீர்த் தொட்டியிலேயே கிடக்கும் (தோலுரிக்கும் முன்பும் உண்ணி பிடித்தாலும் இப்படிக் கிடப்பது உண்டு, அதனால் வெப்பமானியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்). பிறகு வாயைத் திறந்து மூச்சு விடும், உடம்பு தளரும். மல்லாத்திப் போட்டால் திரும்பிப் படுக்க முடியாத நிலை கடைசிக் கட்டம்.

அப்போது செய்ய வேண்டியது: உடனே நிழலான, காற்றோட்டமான அறைக்கு மாற்றி, அறை வெப்பத்தில் உள்ள தண்ணீரில் உடம்பின் கீழ்ப்பாதி நனையும்படி வைத்து, தலையைத் தண்ணீருக்கு மேலே தாங்கிப் பிடிக்க வேண்டும். ஐஸ் தண்ணீர் கூடாது, திடீர்க் குளிர்ச்சி அதிர்ச்சியைக் கொடுக்கும். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. தெளிந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஊர்வனவற்றுக்கு மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவர் எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார். சென்னை வேப்பேரியின் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய மருத்துவமனைகளில்தான் வாய்ப்பு அதிகம். பாம்பு வாங்குவதற்கு முன்பே மருத்துவரைத் தேடி வைப்பது சரியான வரிசை.

பயணம் தவிர்க்க முடியாவிட்டால், துணிப்பைக்குள் பாம்பை விட்டு, காற்றுத் துளையுள்ள தெர்மாகோல் பெட்டிக்குள் அந்தப் பையை வைத்து, விடியற்காலையில் கிளம்ப வேண்டும். நிறுத்திய காரில் ஐந்து நிமிடம்கூட விட்டுவிட்டுப் போகக் கூடாது. மலையிலிருந்து இறங்கும்போது குளிராக இருந்த பெட்டி, குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு தாண்டும்போது சூடாகிக்கொண்டே வரும். வழியில் இரண்டு, மூன்று முறை திறந்து பெட்டியின் வெப்பத்தைப் பார்ப்பது அவசியம்.

மலையும் முன்பு இருந்த மலையாக இல்லை. 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியிலேயே 29 டிகிரி பதிவானது. கூண்டுப் பாம்புக்கு ஏசி போட ஆள் உண்டு. புல்வெளியின் பச்சைப்பாம்புக்கும் தேயிலை வேரடியில் வாழும் கேடயவாலுக்கும் இன்னும் மேலே ஏற மலை மிச்சமில்லை. நீலகிரியின் மிக உயரமான சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அவற்றின் குளிர்ந்த மூலை சோலைக்காட்டு நிழலும் ஈரமண்ணும். அதைக் காப்பாற்றுவதுதான் அந்தப் பாம்புகளுக்கு மனிதர் செய்யக்கூடிய ஒரே வளர்ப்பு.

ஆகவே, தோட்டத்தில் குழி எடுக்கும்போது கேடயவால் வந்தால், மண்வெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்தில் ஈரமண்ணும் சருகும் உள்ள நிழலில் போக விடுங்கள். எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டால் கை வைக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கடித்துவிட்டால் 108-க்கு அழைத்து நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். செல்லப்பிராணியாகப் பாம்பு வேண்டும் என்பவர்கள், மே மாதப் பிற்பகலில், மின்சாரம் இல்லாத நேரத்தில், தங்கள் வீட்டில் 27 டிகிரியில் ஒரு மூலையை வைத்திருக்க முடியுமா என்று முதலில் அளந்து பாருங்கள். முடியாது என்றால் வாங்காதீர்கள்.